உப்பு நார்த்தங்காய்: சுருள் அறாமல் நறுக்கி உலர்த்தும் முறை

நடுத்தர அளவில் 10 நார்த்தங்காய், கால் கிலோ கல்லுப்பு, 2 டீஸ்பூன் மஞ்சள்தூள். வேறெதுவும் வேண்டாம். தூளுப்பு வேண்டவே வேண்டாம். சட்டென்று கரைந்து ஜாடியின் அடியில் இறங்கிவிடும், சுருளுக்குள் நிற்காது.

பச்சை மாறி மஞ்சள் ஓடத் தொடங்கிய காயாகப் பாருங்கள். கரும்பச்சைக் காயில் சாறு குறைவு. கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள்.

நறுக்கும்போதுதான் பலருக்கும் சிக்கல். மெல்லிய, கூரான சிறு கத்தி எடுங்கள். அரிவாள்மனை இதற்குச் சரிப்படாது. காம்புக்குச் சற்றுக் கீழே முனையைச் சாய்வாகக் குத்தி, காயின் நடுத்தண்டு வரை இறக்குங்கள். அதன்பின் கத்தி நின்ற இடத்தில் நிற்கட்டும், காயைத்தான் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வெட்டு சுண்டுவிரல் அகலம் கீழே இறங்கட்டும். முனை நடுவை எட்டாவிட்டால் சுருள் விரியாது. பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கத் தோலைத் தொட்டாலும் துண்டாகிவிடும். அறுந்தாலும் பரவாயில்லை, துண்டுகளையும் சேர்த்தே ஊறவையுங்கள். விதைகளை எடுத்துவிடுங்கள்.

உப்பையும் மஞ்சளையும் கலந்து சுருளுக்குள் திணித்து, பீங்கான் ஜாடியில் அடுக்குங்கள். கண்ணாடியும் சரி. அலுமினியம் கூடாது, புளிப்பும் உப்பும் அதை அரிக்கும். வாயைத் துணியால் கட்டி, 3 நாள், தினமும் ஒருமுறை குலுக்குங்கள்.

நாலாம் நாள் காலை சுருள்களை லேசாகப் பிழிந்து தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். ஜாடியிலுள்ள உப்புநீரும் வெயிலில் இருக்கட்டும். மாலையில் சுருள்கள் மறுபடி அந்த நீருக்குள். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்: முதல் நாளே விறைக்கக் காயவிட்டால் தோல் இறுகி, உள்ளே உப்பு ஏறாமல் கசப்பு தங்கிவிடும். நீர் முழுதும் வற்றும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், இப்படியே. பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ஊறும்போது காய் போதுமான அளவு நீர் விடவில்லையென்றால் 4 எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இடையில் மழை பிடித்தால் சுருள்கள் உப்புநீரிலேயே மூழ்கிக் கிடக்கட்டும். தினமும் உலர்ந்த கரண்டியால் கிளறினால் போதும். காய்ந்தபின் மேலே வெள்ளையாகத் தெரிந்தால் தொட்டுப் பாருங்கள். நறநறவென்றிருந்து தண்ணீரில் கரைந்தால் உப்பு. பஞ்சுபோல் இருந்தால் பூஞ்சை, கொட்டிவிடுங்கள். நாள்பட நிறம் கறுப்பது கெட்டுப்போனதால் அல்ல. பழைய சோற்றுக்கு அந்தக் கறுத்த நார்த்தங்காய்தான் ருசி.