லோரி எக்ஸாஸ்டில் சூட்டு மீட்டர் புரோப்: என் அனுபவம்

மலேசியா, சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் டீசல் லோரி. எக்ஸாஸ்ட் புகையின் சூட்டை அளக்க மீட்டர் மாட்டினேன். அதன் புரோப்பை டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் பாகம்) முன்னால், மேனிஃபோல்டில்தான் (என்ஜின் புகையைச் சேர்க்கும் குழாய்) வைத்தேன். டர்போவுக்குப் பின்னால் வைத்தால், பாரத்தோடு மேடு ஏறும்போது 100 டிகிரிக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும்.

புரோப்பைத் திருகும் 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை அளவு) மரைக்கு 8.7 மி.மீ. துளை. இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் டர்போ இறக்கை போச்சு. தூள் ஒட்டிக்கொள்ள டிரில் பிட்டில் கிரீஸ் அப்பினால் போதும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டர்போவைக் கழற்றித்தான் துளை போட்டேன். புரோப் முனை புகை ஓட்டத்தின் நடுவில் நிற்கணும்.

பலரும் மாட்டிக்கொள்வது வயரில்தான். கே டைப்பில் (இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளால் சூட்டை அளக்கும் புரோப் வகை), அமெரிக்க நிற முறைப்படி, சிவப்புதான் நெகட்டிவ்! மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏற முள் இறங்கும். நிறம் அழிந்திருந்தால், காந்தம் ஒட்டும் கம்பி நெகட்டிவ். நீளம் பத்தாவிட்டால் செம்பு வயரை ஒட்டுப்போடாதீர்கள்; கே டைப் வயரே வேண்டும்.