அரை கிரவுண்டில் வெயிலும் மழையும் கணக்குப் பார்த்து வீடு வரைவது எப்படி

சென்னையில் அரை கிரவுண்ட் என்றால் 1,200 சதுர அடி. பெரும்பாலும் 30-க்கு 40. மேற்கே தெரு, மற்ற மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். இப்படியொரு மனையில் ‘பசுமை வீடு’ வேண்டும் என்பவர்கள் முதலில் கேட்பது சோலார் பேனலும் மாடித் தோட்டமும்தான். அவை கடைசியில் வரட்டும். அந்த வீடு மே மாதத்தில் எவ்வளவு கொதிக்கும், நவம்பர் மழையில் என்ன பாடுபடும் என்பதில் பாதிக்கு மேல் அறைகளை வரையும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே ஆர்க்கிடெக்ட் பென்சிலை எடுக்கும் வரிசையிலேயே போவோம்.

மனையில் பார்க்க வேண்டியவை

ஒரு முறை காலையிலும், ஒரு முறை மாலை 4 மணிக்கும் போங்கள். போன் காம்பஸில் வடக்கைக் குறிக்கும்போது கம்பிக் குவியல், கார் பக்கத்தில் நிற்காதீர்கள். முள் பொய் சொல்லும். பக்கத்து வீடுகளின் உயரம், ஏற்கெனவே நிற்கும் மரங்கள், தெருவின் மட்டம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கைதான் அடித்தள உயரத்துக்கு நம்பகமான அளவு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுச் சாலை போடும் தெருக்களில் வீடுகள் வருடத்துக்கு வருடம் பள்ளத்துக்குப் போகின்றன. அதற்கும் அரையடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணையும் அன்றே சோதித்துவிடலாம். ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் முறை இறங்கியதும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் சில நிமிடங்களில் காணாமல் போகும். களிமண்ணாக இருந்தால் மறுநாளும் சேறாக நிற்கும். மழைநீர்க் கிணறு எத்தனை அடி, எங்கே என்பதை இந்தக் குழிதான் சொல்லும்.

சன்ஷேடு எத்தனை அடி

சென்னை 13 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. சித்திரை 10-ஐ ஒட்டி சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து, பிறகு ஆவணி பிறக்கும்வரை வடக்கு வானில் நகர்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. கணக்கு எளிது: ஜன்னல் உயரத்தை, சூரியன் இருக்கும் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் சன்ஷேடு நீட்டம் வரும்.

4 அடி உயரத் தெற்கு ஜன்னலுக்கு நவம்பர் தொடக்க உச்சி வெயில் சுமார் 62 டிகிரி. 4-ஐ 1.88-ஆல் வகுத்தால் 2 அடி சொச்சம். தெற்கே 2 அடி சன்ஷேடு போதும். மார்கழி வெயில் உள்ளே வந்தால் வரட்டும். அதே ஜன்னல் மேற்கே இருந்தால் கதை வேறு. மார்ச் மாத மாலை 4 மணிக்குச் சூரியன் 31 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கணக்குப்படி ஏறக்குறைய 7 அடி சன்ஷேடு வேண்டும், 5 மணிக்கு அதுவும் போதாது. மேற்கு ஜன்னலுக்கு மேலே கொத்தனார் வழக்கம்போல் நீட்டும் ஒன்றரை அடிப் பலகை மழைச் சாரலுக்கு ஓரளவு உதவும், வெயிலுக்கு உதவாது. அங்கே தேவை பக்கவாட்டுத் தடுப்பு, ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டும் ஜாலிச் சுவர், வராண்டா அல்லது மரம். வடக்கு ஜன்னலையும் அம்போவென்று விட்டுவிடாதீர்கள். மே, ஜூனில் காலையும் மாலையும் சூரியன் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். ஜன்னலின் இருபுறமும் அரையடி செங்குத்துப் பலகை இருந்தால் ஓரளவு தடுக்கும்.

காற்றும் வாஸ்துவும்

கோடையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. வாஸ்து அதே தென்கிழக்கை அக்னி மூலை என்று அடுப்படிக்குக் கொடுத்துவிடுகிறது. விளைவு, கடற்காற்று முதலில் அடுப்புச் சூட்டையும் தாளிப்பு வாசனையையும் வாங்கிக்கொண்டு ஹாலுக்கு வரும். தென்மேற்கு கன்னி மூலை பெரிய படுக்கையறைக்கு. மாலை முழுவதும் வெயில் குடித்த சுவர்கள் இரவு பத்து மணிக்குச் சூட்டைக் கக்கத் தொடங்கும் மூலையும் அதுதான்.

வீட்டுக்காரரோடு இதற்காகச் சண்டை போட்டு ஜெயித்த ஆர்க்கிடெக்ட் குறைவு. வாஸ்துவுக்குள்ளேயே வழி இருக்கிறது. சமையலறைக்கு வாயு மூலையான வடமேற்கு இரண்டாம் தேர்வாக ஏற்கப்படுவதுதான். கன்னி மூலைப் படுக்கையறையை அங்கேயே வைத்து, அதன் மேற்குச் சுவர் முழுவதும் அலமாரி போடுங்கள், வெளியே 3 அடி பால்கனியும் ஜாலியும் கொடுங்கள். மாடிப்படியும் குளியலறையும் மேற்கு வரிசையில் போகட்டும். அவை சூடானால் யாரும் தூக்கம் கெடப்போவதில்லை.

இனி செக்‌ஷனை வரையுங்கள். வீட்டைக் கேக் போல வெட்டிப் பார்க்கும் படம் அது. பிளானை முடித்துவிட்டுக் கடைசியில் அனுமதிக்காக மட்டும் செக்‌ஷன் வரைவதுதான் பல புழுக்க வீடுகளுக்குக் காரணம். கிழக்குப் பக்கம் தாழ்வாக நுழையும் காற்று, படிக்கட்டுக் கூண்டின் உச்சியில் வெளியேற வழி வேண்டும். வெளியேறும் திறப்பு, நுழையும் திறப்பைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. படிக்கட்டுக் கூண்டின் மேலே கண்ணாடியை ஃபிக்ஸட்டாகப் போட்டு மூடிவிட்டால் அது புகைபோக்கியாக வேலை செய்யாது, அடுப்பாகத்தான் வேலை செய்யும். அங்கே லூவர், அதாவது இடைவெளி விட்ட சாய்வுப் பலகைகள், போட்டுக் கொசுவலை கட்டுங்கள்.

ஜன்னல் அளவுக்கு ஓர் அளவுகோல் உண்டு. எரிசக்தித் திறன் பணியகத்தின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா (2018), நம்மூர் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில் கார்பெட் பரப்பில் (சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப் பரப்பில்) 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய ஜன்னலாக இருக்கச் சொல்கிறது. 10-க்கு 12 அறைக்கு 20 சதுர அடி. ‘திறக்கக்கூடிய’ என்ற சொல்லில்தான் சறுக்குகிறார்கள். 5-க்கு 4 யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் 20 சதுர அடி என்று படத்தில் இருக்கும். ஆனால் ஒரு நேரத்தில் திறப்பது பாதி, 10 சதுர அடிதான். கீல் வைத்த கதவு ஜன்னல் ஏறக்குறைய முழுதும் திறக்கும்.

இதையெல்லாம் ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரியின் கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள். ஆர்க்கிடெக்ட்கள் அந்தோனின் ரேமண்ட், ஜார்ஜ் நகஷிமா கைவண்ணத்தில் 1930-களின் இறுதியில் தொடங்கிக் கட்டப்பட்டது. அறைகள் ஒரே வரிசை, அவற்றின் வடக்கே நடைபாதை. எனவே காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறுகிறது. நீளமான முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்த முகங்களில் கண்ணாடியே இல்லை, கிடைமட்ட லூவர் பலகைகள்தான். திருப்பினால் திறக்கும், வெயிலோ மழையோ வந்தால் சாய்த்துக்கொள்ளலாம். அறைக் கதவுகள் பலகை இடைவெளி விட்ட தேக்குச் சறுக்குக் கதவுகள், ஆகவே கதவைச் சாத்தினாலும் காற்று நிற்பதில்லை. மேலே தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை, இரண்டுக்கும் நடுவே காற்று.

தளம்

மாடி வீட்டில் சூட்டின் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. யு மதிப்பு என்பது தளம் எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது. 5 அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது சுமார் 3.5. சம்ஹிதா அனுமதிப்பது 1.2. தளத்தின் மேல் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை (தெர்மகோல் போன்ற, அதைவிட இறுகிய நுரைப் பலகை) பதித்தால் 0.6-க்கு இறங்கும். வரிசை முக்கியம்: முதலில் வாட்டர்ப்ரூஃபிங், அது கைப்பிடிச் சுவரில் ஓர் அடி ஏறி முடிய வேண்டும், 48 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதனை, பிறகு எக்ஸ்பிஎஸ், அதன்மேல் பிரிப்புத் துணி, 2 அங்குலக் காரை, நடுவில் கோழிவலை, கடைசியில் வெள்ளை டைல் அல்லது தட்டோடு. வாட்டம் 100 அடிக்கு 1 அடிக்குக் குறையக் கூடாது. எக்ஸ்பிஎஸ் பலகைகளின் இணைப்பை டேப் ஒட்டாமல் விட்டால் காரையின் பால் உள்ளே இறங்கி, அந்தக் கோடுகளில் சூடு கடக்கும்.

இந்தத் தெர்மகோல் சமாச்சாரத்தை அறைக்குள் ஃபால்ஸ் சீலிங்காகப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அறைக்கு ஓரளவு சூடு குறையும். ஆனால் கான்கிரீட் தினமும் வெந்து, இரவில் குளிர்ந்து, விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். தளத்தைக் காப்பது வெளியே போட்டால்தான். ஏற்கெனவே கட்டிய வீடா? வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாசியும் புழுதியும் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு ஏறினால் வெள்ளை என்ற பெயர்தான் மிஞ்சும்.

கான்கிரீட்டையே குறைக்க வேண்டுமானால் ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் கீழ்ப்பாதி கான்கிரீட் கம்பியைப் பொதிந்து காப்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் தாங்குவதில்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைக்கிறார்கள். ஓடுகளை முன்பே நன்றாக நனைய விடுங்கள், உலர்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பீம், சுவர் ஓரங்களில் ஓடு வைக்காமல் முழுக் கான்கிரீட் விட வேண்டும். வைப்ரேட்டர் பட்டு ஓடு நகர்ந்து கம்பியை ஒட்டிக்கொள்வதுதான் வழக்கமான விபத்து, ஆளை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பிக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் போட வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் இங்கே போதாது.

சுவர்

ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பார்கள். 9 அங்குலச் சுவரின் நடுவே 3 அங்குலக் காற்றறை கிடைக்கும், செங்கல் கால் பங்கு மிச்சமாகும். ஆனால் கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். கோணல் மாணலான சூளைக் கல்லில் இதை முயலாதீர்கள். அடித்தளம், ஜன்னல் அடி, லிண்டல், தளத்தின் அடி ஆகிய வரிசைகளும் கதவு ஓரங்களும் முழுக் கட்டாக வர வேண்டும். காரை அறைக்குள் விழுந்து நிரம்பினால் செய்த வேலைக்கு அர்த்தம் இல்லை. மின்குழாயைச் சுவர் எழும்போதே உள்ளே விடுங்கள், பின்னால் கட்டர் போட்டு வெட்டினால் கல் உடையும்.

சூளையில் சுடாமல் அழுத்திச் செய்யும் மண் கல் வேண்டுமானால் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பரிந்துரைக்கும் கலவையை அளவாக எடுத்துக்கொள்ளலாம்: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம்; அதோடு 5 சதவீத அளவில் சிமென்ட். 28 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். மண் எங்கிருந்து லாரியில் வருகிறது என்று கேளுங்கள். ஏரியைச் சுரண்டி 60 கிலோமீட்டர் கடந்து வந்த மண்ணுக்கு அருகிலுள்ள அனல்மின் நிலையச் சாம்பல் கல்லே மேல்.

மழை

700 சதுர அடி மொட்டை மாடி என்பது 65 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை. நூற்றுக்கு 85 கைக்கு வந்தாலும் சுமார் 77,000 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நால்வர் குடும்பத்துக்கு நாலரை மாதத் தண்ணீர் அது. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுவதால் சம்ப்பில் மட்டும் பிடிக்க முடியாது. நிரம்பியது கிணற்றுக்குப் போக வேண்டும்.

முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட 2 அடி பைப்பைத் தொங்கவிடுவது ஊர் வழக்கம். கணக்குப் பாருங்கள்: முதல் ஒரு மில்லிமீட்டர் மழையே 65 லிட்டர். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் பிடிக்கும். அந்த 2 அடித் துண்டில் 5 லிட்டர். 100 லிட்டர் டிரம் ஒன்றை அடியில் வடிகுழாயோடு வையுங்கள்.

3 அடி விட்டம், 15 அடி ஆழ உறைக்கிணறு 3,000 லிட்டர் கொள்ளும். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் இந்த மாடி ஒரு மணி நேரத்தில் தருவது 2,760 லிட்டர், ஆக ஒரு கிணறு சமாளிக்கும். களிமண் என்றால் களியைத் தாண்டி மணல் அடுக்கு வரை போக வேண்டும், இல்லையேல் அது வெறும் தொட்டி. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதிகாரி பார்க்கக் கட்டி, பிறகு பேவர் பிளாக்குக்கு அடியில் புதைந்துபோன குழிகள் எண்ணிலடங்கா.

கேட்டுக்கு வெளியே

தெருவும் வடிவமைப்பில் சேர்த்திதான். கார் ஏறும் சாய்தளத்தைக் கேட்டுக்கு உள்ளே அமையுங்கள். தெருவில் நீட்டினால் மழைநீர் வடிகால் அடைபடும், நடப்பவர் சாலைக்கு இறங்க வேண்டியிருக்கும். முன்வாசல் முழுவதும் பேவர் போடாமல் கார் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகள் மட்டும் கல், மீதி மண்.

மரத்துக்கு 4-க்கு 4 அடி மண்ணாவது விடுங்கள். மேற்குத் தெருவில் புங்கன் வைத்தால் சில ஆண்டுகளில் அந்த 7 அடி சன்ஷேடு வேலையை அது பார்த்துக்கொள்ளும். 2016 டிசம்பர் வர்தா புயலில் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்த பிறகு சென்னைக்காரர்களுக்குக் குல்மோகர் மேல் இருந்த ஆசை குறைந்துவிட்டது. வேம்பு, புங்கன், மகிழம் போதும்.

சோலார் இப்போது வரலாம். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, நாளுக்கு 4 யூனிட் அளவில் கிடைக்கும். 8 அடி உயரத்தில் சட்டம் அடித்துத் தெற்குப் பார்க்கச் சாய்த்தால் கீழே நிழலும் கிடைக்கும், துணியும் காயப்போடலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலில் விழாதபடி தொட்டியை வடக்கே தள்ளிவிடுங்கள். சீலிங் ஃபேன்களை 75 வாட்டிலிருந்து 30 வாட் பிஎல்டிசி-க்கு மாற்றினால் அதே பேனல் இரட்டிப்பு ஃபேன் ஓட்டும்.

சாவி கொடுக்கும்போது வீட்டுக்காரர் கையில் ஒரு தாளும் கொடுக்க வேண்டும்: எந்த ஜன்னலை எத்தனை மணிக்குத் திறப்பது, எந்த வால்வு சம்ப்புக்கு, எது கிணற்றுக்கு. செப்டம்பர் கடைசி வாரம் மாடிச் சருகைக் கூட்டி, டிரம்மைக் கழுவி, வடிகட்டி ஜல்லியை அள்ளி அலசிப் போடுவது என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். ஜல்லி கறுத்திருந்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள்.