ஊருக்குப் போனால்: சின்னப் பிள்ளைகளோடு முதல் தீம் பார்க்

ஊரில் போய் இறங்கி மூன்று நாள் ஆகியிருக்காது, சித்தப்பாவோ மாமாவோ ஆரம்பித்துவிடுவார்: "பிள்ளைங்களைத் தீம் பார்க் கூட்டிட்டுப் போலாமா?" தாராளமாகப் போகலாம், ஒரு வாரம் கழித்து. அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த குழந்தைக்கு வந்த புதிதில் பகலும் இரவும் தலைகீழாக இருக்கும். ராட்டின வரிசையிலேயே தோளில் சாய்ந்து தூங்கிவிடும். லண்டன், பாரிஸ் பிள்ளைகள் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் காலையில் எழுப்புவது பெரும்பாடு.

சென்னை என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம், பூந்தமல்லியைத் தாண்டி குயின்ஸ்லேண்ட், திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் அருகே மலையடிவாரத்தில் பிளாக் தண்டர், மதுரைக்காரர்களுக்குப் பரவை அதிசயம். ஆறு வயதுக்குள் என்றால், இவற்றில் எது பெரியது என்று பார்க்காதீர்கள். நீங்கள் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து எது பக்கம் என்று பாருங்கள். அந்த வயதில் பொம்மை ரயிலும் குட்டி ராட்டினமும் முழங்கால் அளவுத் தண்ணீரும் போதும். ரெண்டு மணி நேரக் கார் பயணம்தான் அவர்களைச் சோர்வாக்கும்.

மே மாதம் வேண்டாம். 4ஆம் தேதி தொடங்கி 28 வரை அக்னி நட்சத்திரம். பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்குத்தான் யோகம். ஊரில் பள்ளிகள் நடந்துகொண்டிருப்பதால் வார நாட்களில் வரிசை குறைவு. சாயங்காலம் இடி மழை வரலாம், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். டிசம்பர் கடைசி வாரம் அரையாண்டு விடுமுறை. பொங்கல் நாட்களிலும், குறிப்பாகக் காணும் பொங்கல் அன்றும், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமே தலை வைத்துப் படுக்காதீர்கள்.

சரி, முக்கியமான விஷயம் உயரம். பல பூங்காக்களில் குழந்தைக்கான டிக்கெட்டை வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பெரிய சவாரிகளுக்கு 120, 140 சென்டிமீட்டர் என்றெல்லாம் கணக்கு இருக்கும். ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி உயரமே 110 சென்டிமீட்டர்தான். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கும் அவள் பெரியப்பா மகனுக்கும் ஒரே வயது. அவன் அளவுகோலைத் தாண்டிவிட்டான், இவள் ரெண்டு விரல் குறைவு. அரை மணி நேரம் தரையில் உருண்டு அழுதாள். தப்பு எங்களுடையது, ஒரு மாதமாக வீடியோ காட்டி ஆசையை வளர்த்தது நாங்கள்தானே. முந்தின நாளே வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிறுத்தி அளந்துவிடுங்கள். எதில் ஏறலாம், எதில் முடியாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால், அழுகை வீட்டோடு போய்விடும்.

தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் நைலான் அல்லது லைக்ரா உடை கட்டாயம். பருத்திச் சட்டையோடு விடமாட்டார்கள். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் பிள்ளைக்குச் சரியான அளவு அமைவது அதிர்ஷ்டம்தான். வெளிநாட்டிலிருந்தே நீச்சலுடை கொண்டுவந்துவிடுங்கள். முழுக்கை என்றால் இன்னும் நல்லது, வெயிலுக்கும் ஆகும், சிமெண்டுத் தரையில் முழங்கை தேயாமலும் இருக்கும். அலைக்குளத்தில் குழந்தையைத் தனியே நிற்க விடாதீர்கள். கணுக்கால் அளவுத் தண்ணீராக இருந்தாலும் அலை வந்தால் சாய்த்துவிடும். பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போன் இல்லாமல். குளத்துத் தண்ணீரை விழுங்கக் கூடாது என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், விழுங்கத்தான் செய்வார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிற ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரை) பொடி பாக்கெட் மருந்துக்கடைகளில் கிடைக்கும், பையில் ரெண்டு இருக்கட்டும்.

வெளிச்சாப்பாடு பல இடங்களில் அனுமதியில்லை. கைக்குழந்தை உணவைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். உள்ளே கிடைப்பது காரமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு, காலையில் இட்லியை நன்றாகக் கொடுத்துக் கிளம்புங்கள்.

அப்புறம் கார். போக ஒன்று, வர ஒன்று என்று செயலியில் பிடிக்காமல், நாள் வாடகைக்கு எடுங்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று பேசிக்கொள்ளலாம். குழந்தை களைத்துப்போன நிமிடமே கிளம்ப முடியும், மாற்று உடையும் காரிலேயே இருக்கும். வாடகைக் காரில் குழந்தை இருக்கை இருக்காது. வேண்டுமென்றால் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பதினைந்து பேராகச் சொந்தம் திரண்டு வந்தால், சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் கார் வையுங்கள். இல்லாவிட்டால், "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கோம், இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று யாராவது சாயங்காலம் வரை இழுப்பார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு மதியத்தோடு நாள் முடிந்துவிடுகிறது.

கூட்டத்தில் தொலைந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். நம் பிள்ளைகள் பலர் பதற்றத்தில் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோதான் பேசுவார்கள்; காவலாளிக்கு ஒன்றும் புரியாது. "அம்மாவைக் காணோம்" என்று தமிழில் சொல்லப் பழக்குங்கள். ஊரில் வேலை செய்கிற போன் எண்ணை, வெளிநாட்டு எண்ணை அல்ல, கையில் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பெயர்களையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். "தாத்தா பேர் என்ன?" என்று மகளைக் கேட்டோம். "தாத்தா" என்றாள். அன்று ராத்திரி முழுக்க அவளுக்குத் தாத்தாதான் பாடம் நடத்தினார்.