எறியக் கணக்கை டச் பே மணலில் செய்து பார்ப்பது எப்படி?

உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளுக்கு எறியப் பாடத்தை (எறிந்த பொருள் எப்படிப் போய் விழுகிறது என்ற கணக்கை) நான் கரும்பலகையில் தொடங்குவதில்லை. இரண்டு கடினப்பந்து, அளவுநாடா, ஸ்லோ மோஷன் உள்ள போன், இவற்றோடு விடியவே திருகோணமலை டச் பே கடற்கரைக்கு வரச் சொல்வேன். காற்று எழும்பமுதல் முடித்துவிட வேண்டும். டெனிஸ் பந்து வேண்டாம். அது பாரம் குறைந்தது, வளித்தடை கணக்கைக் குழப்பும்.

அலை வந்துபோன ஈரமணலில் நில்லுங்கள். பந்து விழுந்த இடம் பள்ளமாகத் தெரியும். தண்ணீரை நோக்கி எறியாதீர்கள், அந்தப் பக்கம் சரிவு. கரை நீளத்துக்கு எறியுங்கள். ஒரு தடியில் 1.25 மீற்றரில் கோடு போட்டு நடுங்கள். அந்த உயரத்தில் ஒருவர் பந்தைச் சும்மா கைவிட, மற்றவர் அதே கணத்தில், அதே உயரத்திலிருந்து கிடையாக எறிய வேண்டும். மூன்றாமவர் படம்பிடிக்கட்டும். பிறகு மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்: இரண்டும் ஒன்றாகவே மணலைத் தொடும். முன்னால் போகும் வேகம் விழும் நேரத்தை மாற்றுவதில்லை. 1638இல் கலிலியோ அச்சிட்டுச் சொன்னதும் இதுதான். இதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்குச் சூத்திரம் மறக்காது.

இனிக் கணக்கு. எப்போதும் நிலைக்குத்தில் தொடங்கி நேரத்தை எடுங்கள். உயரத்தின் இருமடங்கைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் (விழும் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் அளவு, ஏறத்தாழ 10) வகுத்து வர்க்கமூலம் காணுங்கள். 2.5ஐ 10ஆல் வகுத்தால் 0.25, ஆகவே 0.5 செக்கன். (திருகோணமலையில் உண்மைப் பெறுமானம் ஏறத்தாழ 9.78. பரீட்சைக்கு 10 போதும்.) பள்ளம் 6 மீற்றர் தள்ளி இருந்தால், எறிந்த வேகம் செக்கனுக்கு 12 மீற்றர்.

விடை பிழைத்தால் கையைப் பாருங்கள். கிடையாக எறிகிறோம் என்று நினைத்து எல்லோரும் கொஞ்சம் மேலே எறிவார்கள். வெறும் 5 பாகை உயர்ந்தாலே அதே 12 மீற்றர் வேகத்துக்கு வீச்சு 7 மீற்றரைத் தாண்டும். பந்து கையை விட்டதும் கோட்டுக்கு மேலே ஏறுகிறதா என்று படத்தில் பார்த்து, ஏறினால் அந்த எறிவைத் தள்ளிவிடுங்கள்.

கடலோரச் செங்குத்துப் பாறையான கோணேசர் மலையிலிருந்து கல் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. அது கோயில், கீழே தோணிகள் போகும். தாளில் செய்யுங்கள்: 100 மீற்றர் என்று வைத்தால், வளித்தடையை விட்டு, விழ ஏறத்தாழ 4.5 செக்கன். சத்தம் மேலே வர இன்னும் 0.3 செக்கன், அதையும் கூட்டுங்கள்.