ஏர் இன்டேக் மாற்றியபின் வண்டி இழுக்கவில்லை: 6 மில்லிமீட்டரில் இருந்த கோளாறு

என் பெட்ரோல் காரில் ஒரிஜினல் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு ஃபில்டரோடு வரும் அலுமினிய இன்டேக் பைப் போட்டேன். சத்தம் அருமையாக இருந்தது. ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் முன்பிருந்த இழுவை இல்லை. மூன்றாம் நாள் செக் எஞ்சின் விளக்கு, பிழைக் குறியீடு பி0171. அதாவது பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம்.

எங்கோ காற்றுக் கசிவு என்று நினைத்துப் புகை விட்டுப் பார்த்தோம், கசிவே இல்லை. ஸ்பார்க் பிளக் மாற்றினேன். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் ஃபில்டர் எண்ணெய் படிந்திருக்குமோ என்று கிளீனர் அடித்தேன். ஒரு வாரம் போனதுதான் மிச்சம். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் தானாகவே கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) +21% என்றே நின்றது.

அப்புறம்தான் விட்டம் அளக்கும் வெர்னியரை எடுத்தேன். மாஃப் சென்சார் உட்காரும் இடத்தில் பழைய குழாயின் உள்விட்டம் 60 மி.மீ., புதியது 66. விட்டத்தில் 6 தான், ஆனால் பரப்பளவில் 21% அதிகம்! அதே ட்ரிம் எண். அகலமான குழாயில் காற்று மெதுவாகப் போகும். சென்சார் தன்னைக் கடக்கும் காற்றை மட்டும் உணர்ந்து, குறைவான காற்று வருவதாக எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதற்கேற்பப் பெட்ரோலும் குறையும். சாதாரண ஓட்டத்தில், வெளியேறும் புகையைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் இதை ஓரளவு சரிக்கட்டிவிடும். முழு ஆக்சிலரேட்டரில் அந்த உடனடித் திருத்தம் கிடையாது, அதனால்தான் அங்கே இழுவை போயிருக்கிறது.

பழைய சென்சார் குழாயையே இரண்டு சிலிக்கோன் ரெடியூசர் (வெவ்வேறு விட்டக் குழாய்களை இணைக்கும் துண்டு) வைத்துப் புதிய பைப்பின் நடுவில் பொருத்தினேன். காற்று நேராக வர சென்சாருக்கு முன்னால் ஒரு சாண் நேர்க்குழாய் விட்டேன். பிழைக் குறியீட்டை அழித்து இரண்டு நாள் ஓட்டியதும் ட்ரிம் +3%. விளக்கு வரவில்லை, மேல் ஆர்பிஎம்மில் வண்டி நன்றாக இழுக்கிறது.