கண்ணாடிப் பரங்கிக்காய் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு

செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்றால் கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்க வேண்டும், யார் வீட்டுக்கு என்றைக்குச் சுண்டலுக்குப் போவது என்று கணக்குப் போட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பாலோ ஆல்டோ ஆர்ட் சென்டர் புல்வெளியில் கண்ணாடிப் பரங்கிக்காய் கண்காட்சியும் விற்பனையும் வரும். ‘கிரேட் கிளாஸ் பம்ப்கின் பேட்ச்’ என்று பெயர். கண்ணாடி ஊதக் கற்றுக்கொடுக்கும் பே ஏரியா கிளாஸ் இன்ஸ்டிடியூட்டும் ஆர்ட் சென்டரும் சேர்ந்து தொண்ணூறுகளின் நடுவிலிருந்து நடத்திவருகிறார்கள். எலுமிச்சை அளவிலிருந்து குடம் அளவு வரை ஆயிரக்கணக்கில் புல்லில் பரப்பி வைத்திருப்பார்கள். எல்லாமே வாயால் ஊதிச் செய்தவை, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

பூசணிக்காய் என்றாலே ஆயுத பூஜைக்குத் தெருவில் போட்டு உடைப்பதற்கு என்று வளர்ந்த ஆள் நான். அது வெள்ளைப் பூசணி, இது பரங்கி, சரி. ஆனாலும் உடையக்கூடிய காயை நாற்பது ஐம்பது டாலர் கொடுத்து வாங்கி, உடையாமல் காப்பாற்றுவது எனக்குப் பழக வருஷம் பிடித்தது. புதிதாகப் போகிறவர்கள் நான் செய்த தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், பார்க்கும் நாள் வேறு, வாங்கும் நாள் வேறு. வழக்கமாக வார நாட்களில் கண்காட்சி மட்டும் நடக்கும், ஒன்றும் வாங்க முடியாது. சனியும் ஞாயிறும்தான் விற்பனை. நிறைய பேர் நேராகச் சனிக்கிழமை காலையில் போய் வரிசையில் நின்று, திறந்ததும் முன்னால் போகிறவர் எதை எடுக்கிறாரோ அதற்குப் பக்கத்தில் இருப்பதை அள்ளிக்கொண்டு வருகிறார்கள், ஆடித் தள்ளுபடியில் புடவை எடுப்பது போல. அப்படிச் செய்யாதீர்கள். வியாழனோ வெள்ளியோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போய்ச் சுற்றுங்கள். கலைஞர்வாரியாகத்தான் வைத்திருப்பார்கள், அதனால் யாருடைய வேலை நமக்குப் பிடிக்கிறது, அது எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். சனிக்கிழமை நேராக அங்கே நடக்கலாம். தேதியும் நேரமும் வருஷத்துக்கு வருஷம் மாறும், கிளம்புவதற்கு முன் ஆர்ட் சென்டர் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வண்டி நிறுத்துவது தலைவலி. எம்பார்காடெரோ ரோடும் நியூவெல் ரோடும் சேரும் இடத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே நூலகம், அந்த நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பக்கத்துத் தெருக்களில் விட்டு நடக்கத் தயாராக வாருங்கள். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், அக்டோபர் என்று பெயர்தான், வெயில் சுள்ளென்று அடிக்கும்.

உடை விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. துப்பட்டா, முந்தானை, முதுகுப்பை மூன்றும் அந்தப் புல்வெளிக்கு ஆகாது. காய்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மாதிரி வழி, குனிந்து ஒன்றைப் பார்க்கும்போது முதுகுப்பை பின்னால் நான்கைத் தட்டிவிடும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கியே வைத்திருக்க முடியும் என்றால் கூட்டி வாருங்கள், இல்லாவிட்டால் வார நாளில், கூட்டமில்லாத நேரத்தில் காட்டிவிட்டுப் போங்கள்.

இனி எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். அதற்கு இது எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. நான் ஒரு பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலையில் கண்ணாடி தேன் மாதிரி உருகிக் கிடக்கிறது. நீளமான இரும்புக் குழாயின் நுனியில் அதைச் சுற்றி எடுத்து, பொடித்த வண்ணக் கண்ணாடித் துகளில் உருட்டி, திரும்பச் சூடாக்கி, உள்ளே வரிவரியாகப் பள்ளம் உள்ள அச்சில் இறக்குகிறார்கள். பரங்கிக்காயின் அந்த வரிகள் அங்கேதான் விழுகின்றன. ஊதிப் பெரிதாக்கிக் குழாயிலிருந்து தட்டி எடுத்தால் மேலே ஒரு ஓட்டை இருக்கும். அதன் மேல் இன்னொருவர் உருகிய கண்ணாடியைச் சொட்டாக விட, முதல் ஆள் அதை இடுக்கியால் இழுத்து, ஒரு கம்பியில் சுற்றி முறுக்குகிறார். கொடி மாதிரி சுருண்ட காம்பு தயார். இது முழுக்கச் சில நொடி வேலை, அதற்குள் கண்ணாடி இறுகிவிடும். ஜாங்கிரி பிழிகிறவர் கை ஓடுமே, அந்த வேகம். அப்புறம் 480 டிகிரி அளவில் இருக்கும் இன்னொரு அடுப்பில் வைத்து, ராத்திரி முழுக்க மெதுவாக ஆறவிடுகிறார்கள். அவசரமாக ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும், பிறகு ஒருநாள் சும்மா இருக்கும்போதே விரிசல் விடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டிய இடம் காம்பு உடம்போடு சேரும் இடம். தலைமுடி போல விரிசல் ஏதாவது ஓடுகிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், முக்கியமாக மோதிரக் கையால். சின்னச் சின்னக் காற்றுக் குமிழி இருந்தால் குறை இல்லை, கையால் செய்ததில் அது இருக்கத்தான் செய்யும். அடிப்பாகத்தைத் திருப்பினால் பெரும்பாலும் கலைஞரின் கையெழுத்து பொறித்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், கூர்மையாக எதுவும் குத்தக் கூடாது. புல்லில் வைத்தால் எல்லாமே கொஞ்சம் சாயும், அதனால் தட்டையான மேஜையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

நிறம்தான் எல்லாரும் ஏமாறுகிற இடம். நல்ல வெயிலில், பச்சைப் புல் மேல் வைத்தால் எந்தக் கண்ணாடியும் ஜொலிக்கும். முதல் வருஷம் ஒரு கருநீலக் காயைப் பார்த்து மயங்கி வாங்கி வந்தேன், உள்ளே விளக்கு எரிவது போல இருந்தது. வீட்டுக் கூடத்தில் வைத்தால் கறுப்பு உருண்டை. விஷயம் இதுதான்: ஒளி ஊடுருவும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், ஜன்னல் ஓரத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதை வாங்குங்கள். படியிலோ அலமாரியிலோ வைப்பதென்றால் ஊடுருவாத, பால் கலந்தது போன்ற நிறங்கள், இல்லை வெள்ளிப் பூச்சுப் போல மினுங்குகிறவை சரிவரும். வாங்குவதற்கு முன் காயை உங்கள் உடம்பு நிழலுக்குள் கொண்டுவந்து ஒரு முறை பாருங்கள். அந்த நிறம்தான் வீட்டில் தெரியப்போகிற நிறம். அசல் சிவப்பு, இளஞ்சிவப்பு விலை கூடுதலாக இருந்தால் கோபப்பட வேண்டாம், அந்த நிறங்களில் சிலவற்றுக்குக் கண்ணாடியில் தங்கமே சேர்க்கிறார்கள்.

விலையில் பேரம் கிடையாது, கேட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்கிறவர்தான் அதைச் செய்தவராக இருக்கும். விற்பனை வரி ஒன்பது சதவீதத்துக்கு மேல் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பேரம் பேசுவதற்குப் பதில் அந்தக் கலைஞரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். இந்த ஊருக்கும் ஊது கண்ணாடிக்கும் உறவு பழசு. 1962இல் ஒஹாயோ மாநிலத்து டொலிடோவில் ஹார்வி லிட்டில்டன் என்கிற கலைஞர், தொழிற்சாலை இல்லாமல் ஒரு கலைஞர் தனி உலையிலேயே கண்ணாடி ஊதலாம் என்று செய்து காட்டினார். அவருடைய மாணவர் மார்வின் லிபோஃப்ஸ்கி 1964இல் இங்கே பே ஏரியாவிலேயே, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கண்ணாடி வகுப்பைத் தொடங்கினார். இங்கே இத்தனை பேர் ஊதுகிறார்கள் என்றால் அங்கிருந்து வந்த வழிதான்.

வீட்டுக்குக் கொண்டுவருவது அடுத்த பாடு. இரண்டு அட்டைப் பெட்டி, பழைய வேட்டி, துண்டு நாலைந்து காரில் போட்டுக்கொண்டு போங்கள். துண்டை நீளமாக முறுக்கி, சும்மாடு போல வட்டமாகச் சுற்றி, அதன் நடுவில் காயை உட்கார வையுங்கள். காம்பின் சுருளுக்குள் காலுறை ஒன்றைத் திணித்துவிட்டு மேலே துணி சுற்றுங்கள். ஊருக்கு எடுத்துப் போவதானாலும் இதே முறைதான், ஆனால் கைப்பையில். சரக்குப் பெட்டியில் போட்டால் சென்னையில் கண்ணாடிப் பொடிதான் இறங்கும்.

முக்கியமானது: காம்பைப் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். காய்கறிக் கடையில் அப்படித்தான் தூக்குவோம், கை தானாக அங்கேதான் போகும். நான் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அப்படித்தான் தூக்கினேன், ‘டிக்’ என்று ஒரு சத்தம், காம்பு மட்டும் கையில், காய் பெட்டிக்குள். அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை, குழந்தையைக் குளிப்பாட்ட எடுப்பது போல எடுங்கள்.

வைக்கும் இடத்தில் அடியில் நான்கு சிட்டிகை மியூசியம் புட்டி (பொருளை நகராமல் பிடித்துக்கொள்ளும் பிசைந்த மாவு மாதிரிப் பசை) ஒட்டிவிடுங்கள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். 1989 அக்டோபர் 17 அன்று 6.9 அளவு நிலநடுக்கத்தில் ஆடிய ஊர் இது. கொலுவில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிசல் விடும். பின்னால் சின்ன எல்இடி சரவிளக்கு ஒன்றை ஓடவிட்டால் போதும். துடைப்பதற்கு ஈரத்துணி, பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் போடவே கூடாது. சிலர் காம்பைப் பசையால் ஒட்டுவதும் உண்டு, அதனால் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள்.

பாஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு எம்ஐடி பல்கலைக்கழகத்தின் கிரெஸ்கி ஓவல் புல்வெளியில் இதே மாதிரி ஒன்று நடக்கும். அங்கே வெள்ளிக்கிழமை மாலை பார்வைக்கு, சனிக்கிழமை விற்பனைக்கு. அங்குள்ள கண்ணாடி ஊதும் பட்டறைக்குத்தான் அந்தப் பணம் போகிறது. மழை, குளிருக்குத் தயாராகப் போங்கள்.

என் காம்பில்லாத காய் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தூக்கிப் போட மனசு வரவில்லை. கொலுவில் செட்டியார் கடை முன்னால், அரிசி பருப்புச் சொப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். ‘கடையில் பத்தை போட்டு விற்கும்போது காம்பை முதலில் வெட்டிவிடுவார்கள்தானே’ என்று அம்மா சொல்லிவிட்டாள். நாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறது, செட்டியார் இன்னும் விற்கவில்லை.