வீட்டுப் பெரியவருக்குப் படம் திருத்த கொம்பியூட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுபெற்ற அப்பாவோ மாமாவோ "பழைய அல்பத்தை ஸ்கேன் பண்ணித் திருத்தப் போறன்" என்று சொல்வார். வீட்டில் இருக்கிற இளசு ஒன்று, கொழும்பில் கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்குப் போய் அரை நாளில் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். தெரிந்தவர், சொந்தக்காரர் வீடுகளில் கொம்பியூட்டர் பூட்டிக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். தொடக்கத்தில் நானும் இப்படித்தான் வாங்கிக் கொடுத்தேன். அதே பிழைகள் இன்றைக்கும் அப்படியே நடப்பதைப் பார்க்கிறேன்.

போலி சார்ஜர் வாங்காதே, வொரண்டி கார்ட்டைத் தொலைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1983 கலவரத்தில் எரிந்த வீடுகளோடும், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோதும் எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் போய்விட்டன. மிஞ்சிய படங்களைத்தான் இவர்கள் திருத்த உட்காருகிறார்கள். அந்த வேலைக்குப் பிழையான சாமானைக் கொடுத்தால் நட்டம் காசோடு நிற்காது.

காசு முழுவதையும் புரோசசரில் கொட்டிவிட்டு, திரையைக் கவனிக்காமல் விடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் எங்களுக்கு மாமா முறையான ஒருவர் இருக்கிறார். வயது எழுபது தாண்டிவிட்டது, கை நடுக்கமில்லாத, பொறுமையான மனிதர். மருமகன் அவருக்கு ஒரு லப்டொப் வாங்கிக் கொடுத்திருந்தார். வேகமான புரோசசர், பளபளப்பான உடல், நல்ல விலை. மாமா தன்னுடைய கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து திருத்தத் தொடங்கினார். எழுபதுகளில் எடுத்த கலர்ப் படங்கள் அவை. அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் சயன் என்கிற நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளிறும். அதனால் படம் முழுவதும் சிவப்புக்குச் சாய்ந்து நிற்கும். அந்தச் சிவப்பைக் குறைத்து, முகத்துக்கு முகத்தின் நிறத்தைக் கொண்டுவருவதுதான் வேலையின் கஷ்டமான பகுதி.

திருத்தியதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தார். முகங்கள் கறுத்து வந்தன, மாமியின் கூறைச் சேலை கண்ணைக் குத்துகிற சிவப்பாக வந்தது. ஸ்டூடியோக்காரரோடு சண்டை பிடித்தார். வேறு ஸ்டூடியோவுக்குப் போனார், அங்கேயும் அதே கதை. வீட்டில் ஒரு பிரிண்டர் வாங்கி, மையும் தாளும் வாங்கி முடித்தார். கடைசியில் "தம்பி, என்ர கண்தான் பிழைச்சுப் போச்சு போல" என்று சொல்லி, மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது அவருடைய கண்ணில் ஒரு பிழையும் இல்லை. மேலே இருந்த ரியூப் லைட்டின் வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்று லப்டொப்பின் மூடியைத் தன் பக்கமாகச் சரித்து வைத்திருந்தார். அது டிஎன் (TN) வகைத் திரை. அந்த வகையை மேலிருந்து பார்த்தால் படம் வெளிறித் தெரியும், கீழிருந்து பார்த்தால் இருண்டு தெரியும். வெளிறித் தெரிந்த படத்தை அவர் தன் கண்ணுக்குச் சரியாகும் வரை இருட்டாக்கியிருக்கிறார். கடும் சிவப்பைக் காட்ட அந்தத் திரையால் முடியாது, அதனால் சேலை மங்கலாகத் தெரிந்திருக்கிறது. அதையும் கூட்டியிருக்கிறார். தன் கண்ணுக்குத் தெரிந்ததற்கு நேர்மையாகத்தான் திருத்தினார். திரைதான் அவருக்குப் பொய் காட்டியது. நான் மூடியை மெல்லப் பின்னுக்குத் தள்ளினேன். மாமியின் முகம் எங்கள் இருவருடைய கண் முன்னாலேயே வெளிறலில் இருந்து இருட்டுக்குப் போனது. மாமா ஒன்றும் பேசவில்லை. மூடியைத் தானே பிடித்து மறுபடியும் மறுபடியும் ஆட்டிப் பார்த்தார்.

அதைவிடப் பெரிய சேதம் பிறகுதான் தெரிந்தது. திருத்திய படங்களை ஸ்கேன் செய்த அதே ஃபைலின் மேலேயே சேமித்திருந்தார். அல்பங்களில் ஒன்று தங்கையிடம் இரவல் வாங்கியது. அது ரொறொன்ரோவுக்குத் திரும்பிப் போய்விட்டது. அந்தப் படங்களை இனித் திரும்ப ஸ்கேன் செய்ய வழியில்லை.

ஒரு நல்ல மொனிட்டருக்குப் போயிருக்க வேண்டிய காசு, அவருக்கு ஒருபோதும் தேவைப்படாத வேகத்துக்குப் போயிருக்கிறது. சேலை வாங்கப் போகிறவர் நிறத்தைப் பார்க்கத் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். படம் திருத்துகிறவருக்குத் திரைதான் அந்த வாசல்.

சரி, கடையில் எதைப் பார்ப்பது? முதலில் ஐபிஎஸ் (IPS) திரையா என்று கேளுங்கள், எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை அது. 1366×768 என்று எழுதியிருக்கிற மலிவு லப்டொப்புகளில் பெரும்பாலும் டிஎன் திரைதான் இருக்கும். ஆனால் ஐபிஎஸ் என்ற சொல்லோடு திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை என்டிஎஸ்சி (NTSC), எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற அளவுகோல்களில் எழுதுவார்கள். விவரத்தாளில் "45% என்டிஎஸ்சி" என்றிருந்தால், அந்தத் திரையால் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்ட முடியும். படங்களுக்கான பொது அளவுகோல் எஸ்ஆர்ஜிபிதான், 1996இல் மைக்ரோசொப்டும் ஹெச்பியும் சேர்ந்து கொண்டுவந்தது. "100% எஸ்ஆர்ஜிபி" அல்லது "72% என்டிஎஸ்சி" என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எழுத்தை நம்பாவிட்டால் ஒரு பென் டிரைவில் வெள்ளை வேட்டியும் கறுத்த தலைமுடியும் உள்ள ஒரு படத்தைக் கொண்டுபோங்கள். திரை நிறையத் திறந்துவிட்டு, எழும்பி நின்று பாருங்கள், குனிந்து பாருங்கள், பக்கவாட்டில் நின்று பாருங்கள். வேட்டியின் மடிப்பு காணாமல் போனாலோ, முடி ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிந்தாலோ அந்தத் திரை வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையில் திரைகளை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். அதே வெளிச்சத்தில் வீட்டில் இருந்து திருத்தினால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டின் வெண்மையும் ஒரே அளவாகத் தெரியும் வரை குறையுங்கள். விண்டோஸில் உள்ள நைட் லைட் திரையை மஞ்சளாக்கும், திருத்தும் நேரத்தில் அது ஓஃப்பில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இப்படி ஒரு லப்டொப்பை வாங்கிவிட்டீர்கள் என்றால் அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. 24 அங்குல ஐபிஎஸ் மொனிட்டர் ஒன்றை வாங்கி ஹெச்டிஎம்ஐ வயரில் கொழுவிவிடுங்கள். வெள்ளவத்தை மாமா இப்போது அப்படித்தான் வேலை செய்கிறார்.

"ஐ7" என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்குவது

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெஸ்க்டொப்புகள் கொழும்பில் தாராளமாகக் கிடைக்கின்றன. டெல் ஒப்டிப்ளெக்ஸ், ஹெச்பி எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை. குறைந்த செலவில் வாங்க என் முதல் தெரிவும் இவைதான். ஆனால் "ஐ7, சேர்" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிடக் கூடாது. ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் புரோசசர் வரிசைகளின் பெயர்கள் மட்டும்தான். அதற்குப் பிறகு வருகிற எண்ணைக் கேளுங்கள். ஐ7-6700 என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இந்த மூன்றில் கடைசியில் உள்ள ஐ3, முதலில் உள்ள ஐ7ஐ விட நன்றாகவே வேகமானது.

விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. ஏழாம் தலைமுறை மெஷினில் ஏதோ ஒரு வழியால் விண்டோஸ் 11ஐப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். போடலாம்தான். அப்புறம் ஒரு அப்டேட்டில் அது குழம்பினால், வீட்டில் தனியாக இருக்கிற எழுபது வயதுக்காரர்தான் அந்தத் திரைக்கு முன்னால் முழித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ராம் 16 ஜிபி இருந்தால் நிம்மதி. காசு போதாவிட்டால் ஒரே துண்டாக 8 ஜிபி போட்டு, அடுத்த ஸ்லொட்டைக் காலியாக விட்டு வாங்குங்கள், பிறகு கூட்டிக்கொள்ளலாம். ராமை போர்டோடு ஒட்டி வருகிற மெல்லிய லப்டொப்புகளில் இந்த வழி இல்லை.

கேமிங் கிராபிக்ஸ் காட்

இந்த வேலைக்குத் தேவையில்லை.

எஸ்எஸ்டி இல்லாமல் பெரிய ஹாட் டிஸ்க் மட்டும்

வேண்டாம். ஹாட் டிஸ்க்கை விட எஸ்எஸ்டி வேகமானது. விண்டோஸும் சொப்ட்வெயாரும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், ஹாட் டிஸ்க் படங்களைச் சேமித்து வைக்க மட்டும்.

ஓல்-இன்-வன்

திரைக்குள்ளேயே கொம்பியூட்டரும் இருக்கிற வகை. மேசையில் அழகாகத்தான் இருக்கும். திரை பழுதானால் கொம்பியூட்டரும் சேர்ந்து கடைக்குப் போகும்.

அவருடைய கண்ணையும் மூக்குக்கண்ணாடியையும் மறப்பது

வாசிப்புக் கண்ணாடி புத்தகத் தூரத்துக்குச் செய்தது. மொனிட்டர் அதைவிடத் தள்ளி இருக்கும். அந்தக் கண்ணாடியோடு இருந்தால் முன்னால் வளைந்து வளைந்து முதுகு நோகும். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இருக்கிற கண்ணாடி என்றால் தலையை அண்ணாந்து பிடித்துப் பார்ப்பார்கள், கழுத்து போய்விடும். மேசையில் மொனிட்டர் இருக்கப்போகும் தூரத்தை அளந்து கண் டொக்டரிடம் சொல்லுங்கள், அந்தத் தூரத்துக்கே ஒரு கண்ணாடி எழுதித் தருவார். மொனிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். எழுத்தை விண்டோஸில் 125 வீதம் பெருப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வயது போகப் போகக் கண் வில்லை மெல்ல மஞ்சளாகும், நீல ஒளி கண்ணுக்குள் குறைவாகவே போகும். கற்றரக்ட் (கண்புரை) எடுத்தவர்கள் "எல்லாம் நீலமாத் தெரியுது" என்று சொல்வது இதனால்தான். சத்திரசிகிச்சைக்கு முன் திருத்திய படங்கள் பிறகு அவருக்கே பிழையாகத் தெரியலாம். அதனால் நிறத்தைக் கண்ணளவில் மட்டும் சரிசெய்யப் பழக்காதீர்கள். கிம்ப் என்ற படம் திருத்தும் சொப்ட்வெயாரில் லெவல்ஸ் என்ற இடத்தில் சாம்பல் புள்ளியைத் தொட்டெடுக்கிற துளிக்குழாய் இருக்கிறது. சீமெந்துச் சுவர், நிழல் விழுந்த வேட்டி போன்ற ஒன்றில் அதை வைத்துச் சொடுக்கினால் சிவப்புச் சாய்வு பெரும்பாலும் அடங்கிவிடும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

மாதச் சந்தாவில் மாட்டிவிடுவது

ஃபோட்டோஷொப்தான் வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது டொலரில் மாதாமாதம் கட்டுகிற சந்தா. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 350ஐத் தாண்டியதை நாங்கள் பார்த்தவர்கள்தானே. வெட்டுவது, திருப்புவது, புள்ளி அழிப்பது எல்லாம் விண்டோஸோடு வருகிற ஃபோட்டோஸ் செயலியிலேயே இருக்கிறது. அதற்கு மேல் கிம்ப், படங்களை ஆள் வாரியாகவும் ஊர் வாரியாகவும் ஒழுங்குபடுத்த டிஜிகாம். இரண்டும் இலவசம். ஃபைல் பெயரைத் தமிழில் எழுத விரும்பினால் யூனிகோடில் எழுதப் பழக்குங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர் ஃபைல் பட்டியலில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

யூபிஎஸ்ஸைப் "பிறகு பார்ப்பம்" என்று விடுவது

டெஸ்க்டொப் என்றால் அதே நாளில் யூபிஎஸ்ஸும் வாங்குங்கள், மின்சாரம் நின்றாலும் கொஞ்ச நேரம் மெஷினை ஓட வைக்கிற பற்றரிப் பெட்டி அது. 2025 பெப்ரவரி 9இல் இலங்கை முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. அப்படிப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒழுங்கையில் ஒரு வயர் அறுந்தாலே போதும், பாதி சேமித்த ஃபைல் கெட்டுவிடும். சேமித்து மூடுவதற்குச் சில நிமிடம் கிடைத்தால் போதும், சிறிய யூபிஎஸ்ஸே அதைக் கொடுக்கும்.

ஒரே ஒரு பிரதி

ஸ்கேன் செய்த மூலப் படங்களுக்குத் தனி ஃபோல்டர், அதில் கை வைக்கவே கூடாது. திருத்துவது எல்லாம் பிரதியில். மூலத்தின் இன்னொரு பிரதி வெளி ஹாட் டிஸ்க்கில், அந்த டிஸ்க் வேறொரு வீட்டில். கனடாவில் இருக்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டொக்யுமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிய படம்தான் அங்கே போய்ச் சேரும்.

அவர் இல்லாமல் கடைக்குப் போவது

படிக்கட்டு ஏற மாட்டார், வெயில் தாங்க மாட்டார் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். சனிக்கிழமைச் சனத்தில் வேண்டாம், கிழமை நாளில் காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். மவுஸ் அவர் கைக்கு அடங்குகிறதா, மெனு எழுத்தை முன்னால் வளையாமல் வாசிக்கிறாரா, பென் டிரைவில் கொண்டுபோன படத்தில் தன் ஆட்களின் நிறம் சரியாக இருக்கிறதா என்று அவரே கதிரையில் இருந்து பார்க்கட்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போகலாம், அதே கட்டடத்தில் நிறையக் கடைகள் இருக்கின்றன.